உளி நுனியில் வெள்ளைக் கோடு

என் அக்காவைக் கட்டிய மாமா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். ஊர் திரும்புகிற சொல்தா சாரம் பகுதியில் மனை வாங்கி வீடு கட்டுவார், மேலே ஒரு மாடி எழுப்பி வாடகைக்கு விடுவார், கீழே கார் ஷெட் போடுவார். மாமாவும் எல்லாம் செய்தார். ஷெட்டில் காரை மட்டும் விடவில்லை. மரம் கடைகிற லேத் ஒன்றை அங்கிருந்து கப்பலில் வரவழைத்து அதில் நிறுத்திவிட்டார். கார் இன்றைக்கும் தெருவில் வேப்பமரத்தடியில் காக்காய் எச்சத்தோடு நிற்கிறது.

நான் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். பத்தாம் வகுப்பை நான் விட்டேனா அது என்னை விட்டதா என்பது தீராத வழக்கு. தட்டாஞ்சாவடியில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் மதியத்திலிருந்து சாயங்காலம் வரை வேலை. காலையில் சும்மா இருப்பேன். சும்மா இருப்பது என்றால் மாமாவை ஓட்டிக்கொண்டிருப்பது. மச்சான் முறைக்கு அந்த உரிமையை யாரும் மறுக்க முடியாது.

மாமா கடைகிற சாமான்களில் பூரிக்கட்டைதான் அதிகம். எங்கள் தெருவில் அவருடைய பூரிக்கட்டை இல்லாத வீடே கிடையாது.

"மாமா, தெருவுல ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணா சேர்ந்து உங்க மேல கேஸ் குடுக்கப் போறாங்களாம்."

"எதுக்கு மச்சான்?"

"ஆயுதம் சப்ளை பண்றதுக்கு."

"உனக்கும் ஒருத்தி வரட்டும். உன் கல்யாணத்துக்கு நல்ல வேங்கையில ஒண்ணு கடைஞ்சு தரேன். ரெண்டு கிலோ வெயிட்டுல."

கடைவதைவிட உளிக்குக் கூர் வைப்பதுதான் அவருக்குப் பெரிய வேலை. லேத்தில் மரம் சுற்றும்போது கூரான உளியைச் சாய்த்து லேசாக வைத்தால் போதும், மரம் சுருள் சுருளாக உரிந்து வரும். தள்ளவே வேண்டாம். கூர் மழுங்கிவிட்டால் சுருள் வராது, தூள்தான் கொட்டும். அப்போது கை தன்னால் அழுத்தும். அழுத்தினால் மரம் உளியைப் பிடித்து இழுக்கும். அந்த நேரத்தில் எது எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மற்றவர்கள் வேலையை ஆரம்பிக்கும்போது கூர் வைப்பார்கள். மாமா வேலையை முடிக்கும்போது வைப்பார். "ஆயுதத்தத் தொடச்சு ரெடியா வச்சிட்டுத்தான் சொல்தா சோத்துல கை வப்பான்" என்பார். காலை வேலை முடிந்ததும் சாணைக்கல்லை ஓட்டி எல்லா உளியையும் ஒரு சுற்றுப் பிடித்து, தகரப் பெட்டியில் வரிசையாக அடுக்கிவிட்டுத்தான் சாப்பிட வருவார். பிறகு தூக்கம். மதியம் கடையை இழுத்து மூடிவிட்டுத் தூங்குகிற ஊரில் அவர் மட்டும் விழித்திருப்பாரா? வெயில் தாழ்ந்ததும் எழுந்து, பெட்டியைத் திறந்து, ரெடியாக இருக்கிற உளியை எடுத்து வேலையைத் தொடருவார்.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு வழி. ஒன்று, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பது. கூர் இருந்தால் நகத்தைப் பிடிக்கும், இல்லாவிட்டால் வழுக்கும். இன்னொன்று, நுனியை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடிப்பது. மொட்டையாக இருந்தால் வெளிச்சம் பட்டு நுனியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரியும். கூராக இருந்தால் வெளிச்சம் நிற்க அங்கே இடமே இருக்காது. கருப்பாகத்தான் தெரியும்.

மாமாவுக்கு இந்த இரண்டு வழியும் அடைபட்டுப் போனது. சர்க்கரை முதலில் விரல் நுனிக்குப் போனது. சூடான டம்ளரைப் பிடித்துக்கொண்டு "காபி ஆறிடுச்சு" என்று சொல்ல ஆரம்பித்தார். அப்புறம் கண்ணுக்குப் போனது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், லேசர் அடித்தார்கள். சுற்றுகிற மரத்தின் உருவம் தெரியும், மயிரிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியாது.

அதனால் காலையில் எனக்கு ஒரு உத்தியோகம் வந்தது. சாணைக்கல் நின்றதும் கூப்பிடுவார்.

"மச்சான், வெள்ளை தெரியுதா?"

"எடது ஓரத்துல தெரியுது மாமா."

மறுபடி சாணை ஓடும். பொறி பறக்கும்.

"இப்ப?"

"கருப்பு."

நான் விளையாடாத இடம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான். அவருடைய சர்க்கரை போடாத காபியில் உப்புப் போட்டிருக்கிறேன். உளிப் பெட்டியில் ரப்பர் பல்லியைப் படுக்க வைத்திருக்கிறேன். ஆனால் கருப்பு என்றால் கருப்பு, வெள்ளை என்றால் வெள்ளை. கண் தெரியாத மனுஷனிடம் கண்ணை வைத்து விளையாட எனக்குக்கூட மனசு வராது.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது, ஷெட்டில் லைட் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். லேத்தில் ஒரு பூவரசங்கட்டை பாதி கடைந்தபடி மாட்டியிருந்தது. அது அக்காவுக்காக அவர் ஆரம்பித்த கிண்ணம். கட்டிய பூவை எடுத்து வைக்கப் பெரிசாக ஒன்று வேண்டும் என்று எப்போதோ கேட்டிருந்தாள். கீழே சுருள் ஒன்றுகூட இல்லை. எல்லாம் தூள்.

"வெட்டவே மாட்டேங்குது மச்சான். காலையில நல்லாதானே வச்சேன்?"

"கருப்பாதான் இருந்துச்சு மாமா."

அவர் தானே ஒருமுறை சாணையில் பிடித்துப் பார்த்திருக்கிறார். பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் குத்துமதிப்பாகப் பிடித்ததில் உளியின் சரிவு படிக்கட்டு மாதிரி ஆகியிருந்தது. நான் லைட்டைப் போட்டு நுனியைப் பார்த்தேன். பளிச்சென்று வெள்ளை.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். காலையில் கருப்பு, சாயங்காலம் வெள்ளை. இடையில் சாப்பாடும் தூக்கமும் மட்டும்தான். கொஞ்ச நாளில் மாமா கல்லைக் குறை சொல்வதை விட்டார், இரும்பைச் சொல்வதை விட்டார். தன் கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"கூர் மேலாப்புலதான் நிக்குது போல. என் புடி சரியில்ல. கையே போயிடுச்சு."

பிறகு ஒரு காலையில், நான் கருப்பு என்று சொன்னதும், உளியை வாங்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நீ என்ன வேணா கிண்டல் பண்ணு. இதுல வேணாம்பா."

"மாமா, சத்தியமா..."

"சிரிக்கறதுக்குச் சொல்றியா, எனக்கு மனசு கஷ்டமாயிடும்னு சொல்றியா தெரியல. எதுக்காகவும் பொய் சொல்லாத."

ரப்பர் பல்லி வைத்தவன் சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? சத்தியம் செய்யச் செய்ய அதுவே ஒரு விளையாட்டு மாதிரி கேட்டது எனக்கே.

அந்த வாரம் அவர் போனில் பேசியது காதில் விழுந்தது. தட்டாஞ்சாவடியில் மரச்சாமான் பட்டறை வைத்திருக்கிற ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வந்து லேத்தைப் பார்க்கச் சொன்னார். "ஆமாங்க, குடுத்துடலாம்னு இருக்கேன். இல்ல இல்ல, மெஷின்ல ஒரு கொறையும் இல்ல. கொற எங்கிட்டதான்." போனை வைத்துவிட்டு வெகுநேரம் லேத்தின் சக்கரத்தைக் கையால் சும்மா உருட்டிக்கொண்டிருந்தார். மாடி வீடும் பென்ஷனும் இருக்கிற மனுஷனுக்கு என்ன குறை என்று தெருவில் கேட்பார்கள். காலையில் எழுந்து போக அவருக்கு இருந்த இடம் அந்த ஷெட் ஒன்றுதான். அது போனால் டிவிக்கு எதிரே நாற்காலி.

நான் சிவப்பு மார்க்கர் பேனா ஒன்று வாங்கினேன். மறுநாள் கூர் பார்த்துக் கொடுத்ததும், மாமா கை கழுவப் போன இடைவெளியில், ஒவ்வொரு உளியின் நுனியிலும் சிவப்பைத் தீட்டி வைத்தேன். இரும்பு தானாக மழுங்குகிறதா, யாராவது தொடுகிறார்களா என்று தெரிய வேண்டும். வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுப் பையன்மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நான் அந்த வயதில் செய்யாததா?

சாயங்காலம் வேலையிலிருந்து வந்து கால் கழுவத் தோட்டப்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லின் ஓரத்தில் சிவப்பாக இழுத்த கோடுகள். குங்குமமோ என்று தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டவில்லை. மார்க்கர்தான்.

அந்தக் கல்லில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு ஆள்தான் கை வைப்பாள்.

அடுத்த நாள் வேலைக்குக் கிளம்புகிற மாதிரி கிளம்பி, வண்டியைத் தெருமுனையில் விட்டுவிட்டுப் பின்சந்து வழியாக வந்தேன். குழாயைத் திறந்து வைத்திருந்தாள். தண்ணீர் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கரகரவென்று கேட்டது. அக்கா குந்தியிருந்து, நடு சைஸ் உளியின் நுனியைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்க்கிறது என்றால் கோபமாக இல்லை. குழந்தைக்கு நகம் வெட்டுகிற மாதிரி, நிதானமாக, நுனியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து.

"அக்கா."

பதறிப்போய் உளியை முந்தானைக்குள் மறைத்தாள். அத்தனை நீளக் கைப்பிடி முந்தானையில் எங்கே மறையும்?

"நீ வேலைக்குப் போலயாடா?"

"நீ பண்ற வேலைய விட்டுட்டு நான் எந்த வேலைக்குப் போறது? என்னா பண்ணிட்டிருக்க நீ?"

"சத்தம் போடாத. அவரு தூங்கறாரு."

"அவரு தன் கையே போயிடுச்சுன்னு நெனச்சுட்டு இருக்காருக்கா. மெஷினயே விக்கப் போறாரு."

"விக்கட்டும்." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "மழைக்கு முன்னாடி உளி அவரு வெரல்ல பட்டுச்சே, எத்தினி நாள் ஆறாம இருந்துச்சு, மறந்துட்டியா? நான்தானே கட்டுப் போட்டேன். நீயா போட்ட? கருப்பா போச்சுடா சதை. எனக்குத் தூக்கமே இல்ல. அப்பாவ நெனச்சுக்கோ."

அப்பாவுக்கும் சர்க்கரை. செருப்பு கடித்த புண். பெருவிரலில் ஆரம்பித்தது. விரலை எடுத்தார்கள், பாதத்தை எடுத்தார்கள், முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள், பிறகு அப்பாவே இல்லை. நான் சின்னவன், தெருவில் விளையாடிக்கொண்டிருந்தேன். துணி மாற்றி, சீழ் துடைத்து, நாற்றத்தோடு உட்கார்ந்திருந்தவள் அக்கா. அவளுக்குப் புண் என்றால் அந்தப் புண்தான்.

"நேருல சொன்னா கேக்கறாரா? நானும் எவ்ளோதான் சொல்றது? அதான் மொட்டை பண்ணி வச்சேன். மொட்டக் கத்தி யாரைடா வெட்டியிருக்கு?"

அவளுடைய அரிவாள்மணையும் அப்படித்தான். தக்காளியை நறுக்காது, நசுக்கும். கூர் தீட்டித் தருகிறேன் என்று மாமா கேட்டபோதெல்லாம் தர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள்.

"அக்கா, இது தக்காளி இல்ல. மெஷின் சுத்துதுக்கா. மொட்டையா இருந்தா அவரு அழுத்துவாரு. அழுத்தினா புடிச்சு இழுக்கும். கூரா இருந்தாதான் ஒண்ணும் ஆவாது."

"கூரா இருந்தா வெட்டாதுங்கற. என்னையும் கிண்டல் பண்றியா நீ?"

"அய்யோ, கிண்டல் இல்லக்கா!"

"அவருகிட்ட சொல்லிடாதடா. உன் கால்ல விழறேன்."

"பெரிய உளி எங்க? பெட்டியிலயா?"

"அத முன்னாடியே தேச்சு வச்சிட்டேன்..."

அவள் சொல்லி முடிக்கும்போது ஷெட்டில் லேத் ஓட ஆரம்பித்தது. மாமா அன்றைக்குத் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தக் கிண்ணத்தையாவது முடித்துவிட வேண்டும் என்று எழுந்து வந்திருக்கிறார். நான் ஓடினேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் சத்தம் வந்தது. முதலில் டப் என்று ஒன்று, உடனே இரும்பு ஷட்டரில் அடித்து இன்னொன்று.

போய்ப் பார்த்தபோது மாமா நின்றுகொண்டுதான் இருந்தார். கிண்ணம் இல்லை. மோட்டார் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. பாதிக் கிண்ணம் ஷட்டரடியில் கிடந்தது. இன்னொரு பாதியின் முனை அவருடைய இடது முன்கையைக் கிழித்துவிட்டுப் போயிருந்தது. "மெர்த்" என்று பிரெஞ்சில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், மெதுவாக. எதையோ தவற விட்டவர் மாதிரி. இரத்தம் மரத்தூளில் சொட்டி உருண்டையாக நின்றது. நான் சுவிட்சை அணைத்தேன். எனக்குப் பின்னால் அக்கா வந்து நின்றாள். அலறுவாள் என்று நினைத்தேன், அலறவில்லை. முந்தானையைக் கிழித்துக் கையில் சுற்ற ஆரம்பித்தாள்.

கிளினிக்கில் தையல் போட்டார்கள். சர்க்கரை பார்த்தார்கள். ஆற நாளாகும், தண்ணீர் படக் கூடாது, பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். ஆட்டோவில் வரும்போது மாமா சொன்னார்: "முடிஞ்சுது மச்சான். கண்ணு போனாலும் கை இருக்குன்னு நெனச்சேன். அதுவும் இல்ல."

அக்கா எனக்கும் அவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் எனக்கு மோசமானவை. காலையிலும் சாயங்காலமும் அக்கா கட்டைப் பிரித்துப் புண்ணைப் பார்ப்பாள். பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய் வாசனை பார்ப்பாள். அப்பாவுக்குப் பார்த்த மாதிரியே. அந்த முகத்தைப் பார்த்தால் அவளைத் திட்ட முடியாது. மாமா முகத்தைப் பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியாது. நான் சொன்னால் அவருக்குக் கை திரும்பக் கிடைக்கும், ஆனால் பெண்டாட்டி? சொல்ல வேண்டியவள் நானில்லை, அவள்தான் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். சமாதானம் ஆகவில்லை.

"என்னா மச்சான், வாய்க்கு லீவு விட்டுட்டியா?" என்றார் மாமா ஒருநாள்.

"ஓவர்டைம் பாத்து டயர்டு ஆயிடுச்சு மாமா."

அவர் சிரித்தார். எனக்காகச் சிரித்த சிரிப்பு அது.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர் குட்டியானை வண்டியோடே வந்துவிட்டார். பார்த்துப் பிடித்தால் கையோடு ஏற்றிக்கொண்டு போகிற உத்தேசம். லேத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். தட்டினார், ஓட்டினார். "நல்லா வச்சிருக்கீங்க சார், ஏன் குடுக்கறீங்க?" என்றார். மாமா கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். அவர் தலையாட்டிவிட்டு, கூட வந்த ஆளிடம் தரையில் இறுக்கியிருக்கிற போல்ட்டைக் கழற்றச் சொன்னார். ஸ்பேனர் வெளியே வந்தது.

"அத விடுங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினோம். ஷெட் வாசலில் ஈரக் கையோடு நின்றிருந்தாள்.

"ஏங்க, உங்க கையில ஒண்ணும் இல்ல. நான்தான் தேச்சேன். தோட்டத்துக் கல்லுல. டெய்லி, நீங்க தூங்கினப்பறம்." பட்டறைக்காரர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்கவில்லை. "வெட்டிக்கக் கூடாதுன்னுதான் பண்ணேன். மொட்டையா இருந்தா வெட்டாதுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியலங்க."

பட்டறைக்காரர் ஸ்பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். மாமா அக்காவைப் பார்க்கவே இல்லை. வெகுநேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீ கருப்புன்னு சொன்னதெல்லாம்?"

"கருப்புதான் மாமா. எல்லாமே."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

வந்தவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பினோம். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று மாமா ஒரு பூரிக்கட்டை கொடுத்தார். குட்டியானையில் தனியாக ஒரு பூரிக்கட்டை போனது.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். மாமா அக்காவிடம் பேசவில்லை. சண்டையும் போடவில்லை. கட்டு மாற்றக் கையை நீட்டுவார், முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொள்வார். உளிப் பெட்டிக்குப் பூட்டு வாங்கி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். அவளுக்கு அந்தப் பூட்டு அடித்த மாதிரி யாரும் அடித்திருக்க முடியாது. புண் மெதுவாக ஆறியது. ஓரம் கருக்காமல் ஆறியது. தையல் பிரித்த அன்றைக்கு அவள் வீராம்பட்டினம் அம்மன் கோயிலுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தாள்.

மறுநாள் காலை சாணைக்கல் ஓடுகிற சத்தம் கேட்டு நான் ஷெட்டுக்குப் போனேன். என்னைக் கூப்பிடுவார் என்று டியூப்லைட்டுக்குக் கீழே போய் நின்றேன். மாமா கல்லை நிறுத்தினார். பெரிய உளியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இங்க வாம்மா" என்று உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார்.

அக்கா வாசல்வரை வந்து நின்றாள்.

"இத லைட்டுல காட்டிப் பாரு. நுனியில வெள்ளையா கோடு தெரியுதா?"

"எனக்கு இதெல்லாம் என்னா தெரியும்? தம்பி பாப்பான்."

"அவன் பாக்க வேணாம். நீ சொல்லு. நீ என்னா சொல்றியோ அதத்தான் நான் கேக்கப் போறேன்."

அவள் உளியை வாங்கினாள். எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கருப்பு, ஓரத்திலிருந்து ஓரம்வரை. அவள் வெள்ளை என்று சொன்னால் அவர் மறுபடி பிடிப்பார். மறுபடி வெள்ளை என்றால் மறுபடி. உளி தேய்ந்து தீருகிறவரை அவள் அவரை லேத் பக்கம் போகவிடாமல் வைத்துக்கொள்ள முடியும். வாயால் சொன்னால் போதும், கல்லே தேவையில்லை. அது அவளுக்கும் தெரிந்திருந்தது, அவருக்கும் தெரிந்திருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். மூடிக்கொண்டேன்.

அக்கா உளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

"வெள்ளை இல்லங்க" என்றாள். சாவு சேதி சொல்கிற குரலில் சொன்னாள். "கருப்பாதான் இருக்கு."

மாமா உளியை வாங்கிக்கொண்டு லேத்தைப் போட்டார். புதிதாக ஒரு பூவரசங்கட்டை சுற்றியது. உளியை வைத்ததும் முதல் சுருள் நீளமாக உரிந்து வந்து அவர் தோளில் விழுந்தது. அக்கா உள்ளே போகவில்லை. முந்தானை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, கட்டு எப்போது தேவைப்படுமோ என்கிற மாதிரி, அங்கேயே நின்றாள்.

"இன்னிக்கு சோறு கிடையாதுபோல மாமா" என்றேன்.

மாமா மரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை, அக்கா அவர் கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.